இந்தியானா சோளக்காட்டில் ஒரு கரிப்பானை

எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.

கச்சிராயபாளையத்தில் சுவர் விளம்பரம் எழுதும் பழனி, கடுக்காய் வியாபாரி கண்ணாயிரத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. டீக்கடை குஞ்சம்மாள் அந்தத் தொகையை ஒரு ரூபாய் பிசகாமல் சொன்னாள்.

"உனக்கு எப்படிம்மா இவ்ளோ சுத்தமா தெரியும்?" என்று கேட்டாள் மணிமொழி.

"எனக்கு மட்டுமா? பஸ் ஸ்டாண்டு நாய்க்குக்கூடத் தெரியும். கண்ணாயிரம் கடனை ரகசியமா கேக்க மாட்டாரு. ஊருக்கே கேக்கறாப்ல நின்னு கத்துவாரு. மானத்துக்குப் பயந்து குடுத்துடுவாங்கன்னு."

வீரமுத்து டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தை மாசத்துக் குளிருக்காக இல்லை. கண்ணாயிரம் என்ற பேர் காதில் விழுந்ததிலிருந்து கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆளிடம் இரண்டு பருவம் மூட்டை தூக்கியவன் அவன். ஒரு மூட்டை கிழிந்ததற்கு வாங்கிய அறையில் இடது காது இன்னும் அவ்வப்போது வண்டு மாதிரி இரையும். இப்போது இரைந்தது.

"பழனி இப்ப எங்க?" என்றாள் மணிமொழி.

"ஆடி மாசம் புருஷனும் பொண்டாட்டியும் கண்ணாயிரம் ஜீப்புல ஏறிப் போனாங்க. கேரளாவுல வேலைன்னாரு. பொங்கலுக்குக்கூட வரலியே. வூட்டுப் பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்குது. நீங்க யாரு, பழனிக்கு சொந்தமா?"

"சொந்தம் மாதிரிதான்" என்றாள் மணிமொழி. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு டீக்கடைச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு கிளி, ஒரு சீமைப் பசு, ஒரு கூடை கத்தரிக்காய், எல்லாம் பெயிண்டில் வரைந்தவை. எழுத்துகள் அளவெடுத்த மாதிரி நின்றன. பசுவின் பால்மடி அவ்வளவு செழிப்பு. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும், குச்சியில் கவிழ்த்த ஒரு சின்னக் கரிப்பானை. பானைமேல் வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளிகள்.

"இது இன்னாத்துக்கு, கிளிக்குப் பக்கத்துல திருஷ்டிப் பானை?"

குஞ்சம்மாள் சிரித்தாள். "கிளி அழகா வந்துடுச்சாம். கண்ணு பட்டுடும்னு வெச்சது. அந்த வூட்டுல வரைஞ்சா பானை இல்லாம வராது."

மணிமொழி வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அக்கா, அமெரிக்காகாரன் படத்துல இருந்த அதே பானை."

"அதே பானைதான்."

"அப்ப வூட்டுக்குப் போலாம். கண்டுபிடிச்சாச்சு இல்ல?"

*

மணிமொழிக்குத் தொழில் மாப்பிள்ளை விசாரணை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பையன் குடிக்கிறானா, சம்பளம் சொன்னதுதானா, வெளியூரில் இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டுக்காரர்களுக்கு விசாரித்துச் சொல்வாள். வீரமுத்து மொபெட் ஓட்டுவான், வாய் ஓட்டுவான். மற்றபடி பயப்படுவான். பயப்படுகிற ஆள் கூட இருந்தால் தனக்குப் பயப்பட வேலையில்லை என்று மணிமொழி சொல்லுவாள்.

முந்தின நாள் காலையில் அமெரிக்காவிலிருந்து அருள்மொழி கூப்பிட்டிருந்தாள். நைனார்பாளையத்துப் பெண். அவளுக்குப் பார்த்த முதல் மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்று கண்டுபிடித்துச் சொன்னது மணிமொழி. அந்த நன்றி அவளுக்கு உண்டு. இப்போது இந்தியானா என்கிற மாநிலத்தில் ஒரு காட்சியகத்தில் வேலை. அந்த மாநிலத்து ஓவியர்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"அங்க இன்னா வெளையும்?" என்று வீரமுத்து போனில் கேட்டான்.

"மக்காச்சோளம்ணா. கண்ணுக்கு எட்டுற வரைக்கும்."

"நம்ம சின்னசேலம் பக்கம் மாதிரின்னு சொல்லு."

"அதேதான். தெற்கால கொஞ்சம் மலையும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னாடி டவுன்ல இருந்த ஓவியருங்க ரயிலேறி அந்த மலைக்குப் போனாங்க. அவங்களுக்கு முன்னாடி வரைஞ்ச சிலபேரு ஜெர்மனி வரைக்கும் போயிப் படிச்சவங்க. படிச்சுட்டு வந்து, நம்ம ஊரு மண்ணே போதும்னு ஓடையையும் மரத்தையும் வரைஞ்சாங்க. மலையில வெள்ளாமை பண்றவங்க பார்த்துச் சிரிச்சாங்களாம். வேலை வெட்டி இல்லாம மரத்தை உக்காந்து பார்க்குதுங்களேன்னு. ஆனா அந்த மலையோட நீல மூட்டத்தையும், உதிரப்போற சிவப்பு இலையையும் அவங்க வரைஞ்ச மாதிரி யாரும் வரையல. பொம்பளை ஓவியருங்களும் இருந்தாங்க. இன்னிக்கு அந்தப் படங்களுக்கு லட்சக்கணக்குல விலை."

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஓவியர் அம்மா ஒருத்தி வரைந்தது என்று சொல்லி, புதிதாக மூன்று படங்கள் விற்பனைக்கு வந்திருந்தன. ஏதோ ஒரு பண்ணை வீட்டுப் பரணில் கிடைத்ததாகக் கதை. அருள்மொழியின் பெரிய அதிகாரிகள் வாங்கியே தீருவது என்று நின்றார்கள். வாங்கினால் அவள் புத்தகத்திலும் ஏறும். புத்தகத்தில் ஏறினால் பொய் வரலாறாகிவிடும்.

முதல் இரண்டு படத்தில் அறுத்த சோளத்தட்டையைக் கூடாரம் கூடாரமாகக் கட்டி நிறுத்தியிருந்தது. அது அந்த ஊர் வழக்கம். ஓரத்தில் ஒரு கறுப்பு உருண்டை, வெள்ளைப் புள்ளி. அழுகின பூசணிக்காய் என்று அங்கே பெரியவர்கள் எழுதிவைத்திருந்தார்கள்.

"பெட்டியைத் தொறந்ததும் ஒரு வாசனைக்கா. பழசு மாதிரி தெரியட்டும்னு துணி மேல கடுக்காய்க் கஷாயம் பூசியிருக்காங்க. வயித்துவலின்னா எங்கம்மா மூக்கைப் பிடிச்சு ஊத்துவாங்களே, அது மறக்குமா? கல்வராயன் மலைக் கடுக்காய்தான். ஆனா நான் கூப்பிட்டது அதுக்கில்ல. மூணாவது படத்தைப் பாருங்க."

மூன்றாவது படத்தைப் பார்த்ததும் வீரமுத்து போனை மணிமொழியிடம் நீட்டினான். அதே சோளக்காடு, அதே நீல மலை. நடுவில் நீளப் பாவாடை கட்டிய ஓர் உருவம் முதுகைக் காட்டி நடந்து போகிறது. இடது தோளில் குடம். குடத்திலிருந்து மூன்று கம்பியாகத் தண்ணீர் ஒழுகுகிறது.

"பண்ணை வேலைக்காரி தண்ணி எடுத்துப் போறாளாம், குடம் ஓட்டையாம்" என்றாள் அருள்மொழி. "இங்க எல்லாரும் ரசிக்கறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரலக்கா."

மூன்று சுற்று, மூன்று ஓட்டை. கொள்ளிக்குடம். சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி வரும்போது தவிர வேறு எப்போது ஒரு குடம் அப்படி ஒழுகும்?

"யாரோ செத்திருக்காங்க" என்றாள் மணிமொழி மெதுவாக. "இல்ல, சாகப் போறோம்னு வரைஞ்ச ஆளு சொல்றான்."

"அக்கா, பாவாடை கட்டினவ எவ கொள்ளிக்குடம் தூக்குவா? ஆம்பளைதானே தூக்கணும்?"

"அமெரிக்காப் படம், முத்து. பாவாடை அவங்க ஊரு வேஷம். குடம்தான் நம்முது. அதைப் பாரு."

படம் வரைகிற ஆள் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று மலையடிவார ஊர்களில் அன்றைக்கே விசாரித்ததில்தான் கச்சிராயபாளையத்துப் பழனியின் பேர் வந்தது.

*

கண்ணாயிரத்தின் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தும்போது வீரமுத்து தலையில் துண்டை முக்காடு மாதிரி போட்டுக்கொண்டான்.

"இன்னா இது, மாமியார் செத்துட்டாளா?"

"அடையாளம் தெரிஞ்சுக்குவாருக்கா."

"ரெண்டு பருவம் மூட்டை தூக்கின மூஞ்சியை அந்தாளு எப்ப பார்த்தான்? உன் முதுகைத்தான் பார்த்திருப்பான். வா."

எலவனாசூர்கோட்டையில் பெரிய இடத்துப் பெண், நாற்பது பவுன், உங்கள் மகன் அஜித்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னார்கள் என்று மணிமொழி ஆரம்பித்ததும் கண்ணாயிரம் தானே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேச்சில் சர்க்கரை. அந்தச் சர்க்கரைதான் வீரமுத்துவுக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது. அறை வாங்கின அன்றைக்கும் "வாப்பா" என்றுதான் கூப்பிட்டார்.

"பையன் இன்னா பண்றாருங்க?"

"ஏத்துமதிம்மா. அமெரிக்காவுக்கு. எல்லாம் கம்ப்யூட்டர்லயே. கலைப்பொருளு."

"கலைன்னா சிலைங்களா?"

"அது… படம், பட்டு, அந்த மாதிரி." கண்ணாயிரம் சட்டென்று ரைஸ் மில்லுக்குப் பேச்சைத் திருப்பினார். ரைஸ் மில், இரண்டு லாரி, சோளக் குடோன், கோமுகி அணைப் பாசனத்தில் கரும்புக் காணி. மகன் கல்யாணம் என்று வந்தால் எந்த அப்பனும் சொத்தை மறைக்க மாட்டான். மணிமொழியின் தொழிலே அந்த ஒரு பலவீனத்தில்தான் ஓடியது.

"மலைமேல?"

"வெள்ளிமலைப் பாதையில ஒரு கடுக்காய்க் கொட்டாய் இருக்குது. இந்த வருஷம் வேலை இல்ல. பூட்டிக் கெடக்குது. அங்கல்லாம் நீங்க போவ வேணாம், பாதை சரியில்ல."

கடுக்காய் உதிர்கிற பருவத்தில் கடுக்காய்க் கொட்டாய் பூட்டிக் கிடக்கிறது. வீரமுத்துவுக்கே அது இடித்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவி ஜீப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். டர்பன்டைன் கேன் இரண்டு. சுருட்டிய கேன்வாஸ் துணி. ஓரத்தில் ஒரு தூக்குவாளி. மூடியைத் திறந்தான். ஒரு ஆளுக்கான சோறு, மேலே கொஞ்சம் புளிக்குழம்பு.

ஒரு ஆளுக்கு.

ஆடி மாசம் ஜீப்பில் ஏறினது இரண்டு பேர்.

மூடியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

உள்ளே கண்ணாயிரம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இலை போடச் சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்க. நானும் சாப்பிட்டுட்டு ஒரு வேலையா கெளம்பணும்."

மணிமொழி எழுந்து கும்பிட்டாள். "சம்மந்தம் முடியாம பையன் வூட்டுல கை நனைக்கக் கூடாதுங்களே. முறைன்னு ஒண்ணு இருக்குது."

அந்த முறைக்கு மேல் கண்ணாயிரத்தால் பேச முடியவில்லை. மகிழ்ந்துகூடப் போனார்.

தெருமுனை திரும்பியதும் வீரமுத்து தூக்குவாளி விஷயத்தைச் சொன்னான்.

"தைலம்மா செத்துட்டா" என்றாள் மணிமொழி. பழனியின் மனைவி பேர் தைலம்மாள். "பொண்டாட்டிக்குக் கொள்ளி வெச்சதைத்தான் பழனி வரைஞ்சிருக்கான். அவன் மட்டும் இருக்கான். அந்தாளு இலையில உக்காந்திருக்கற நேரம்தான் நமக்கு. ஓட்டு."

"அக்கா, போலீஸுக்குப் போன் பண்ணிடலாம்."

"பண்ணி? சோளக்காட்டுல ஒரு குடம் ஒழுகுதுன்னா?"

*

மலைப்பாதையில் நாலாவது வளைவிலேயே மூட்டம் இறங்கிவிட்டது. நடுப்பகல், ஆனால் பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. மொபெட் இரண்டு பேரையும் இழுக்க மாட்டாமல் இருமிக்கொண்டு ஏறியது. போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாக விழுந்து, கடைசியில் ஒன்றும் இல்லை.

"அமெரிக்காகாரனுங்க இந்த மூட்டத்தைப் பார்க்கவா ரயிலேறிப் போனானுங்க?" என்றான் வீரமுத்து. பேசிக்கொண்டே இருந்தால் பல் அடிப்பது தெரியாது. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன்."

ரோட்டிலிருந்து பிரிந்த மண்பாதையில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு நடந்தார்கள். காலடியில் கடுக்காய் நசுங்கியது. கொட்டாயின் தகரச் சுவர் மூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று முன்னால் வந்து நின்றது. வாசலில் கைப்பிடி அளவு பூட்டு.

"பின்னாடி மூட்டை தள்ற கதவு ஒண்ணு இருக்குது" என்று வீரமுத்து கிசுகிசுத்தான். "வெளியில மரத்தாழ்ப்பாள்தான் போட்டிருக்கும். அது வழியாத்தான் லாரிக்கு ஏத்துவோம்."

பின்பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மண் மேடு. ஓர் ஆள் நீளம். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல்லும் முள்ளும் போட்டிருந்தது. மாலை இல்லை, ஊதுவத்தி இல்லை, ஒரு செம்புத் தண்ணீர்கூட இல்லை. மாடு செத்தால்கூட இதைவிட மரியாதையாகப் புதைப்பார்கள்.

வீரமுத்துவின் வாயிலிருந்து நக்கல் எல்லாம் வடிந்து போயிருந்தது. ஓடத்தான் நினைத்தான்.

மணிமொழி செருப்பைக் கழற்றினாள். "தைலம்மா" என்றாள், மேட்டைப் பார்த்து. "இப்டியா போய்ச் சேர்ந்த, தாயி?"

"யாரது எம்பேரைச் சொல்றது?"

குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல். வீரமுத்து அலறியே விட்டான். மணிமொழியின் கை அவன் வாயைப் பொத்தியது. அந்தக் கையும் நடுங்கியதை அன்றைக்குத்தான் அவன் முதல்தடவையாகப் பார்த்தான்.

"தைலம்மா நான்தான்" என்றது குரல். "அங்க படுத்திருக்கறது அவரு."

தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே இந்தியானா இருந்தது. நான்கு சுவரிலும் சிவப்பு மரங்கள், மரக்கட்டை வீடுகள், பனி பூத்த ஓடைகள், நீல மலைகள். அஜித் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்து ஒட்டியவை. நடுவில் பாதி முடிந்த ஒரு சோளக்காடு. அதன் முன்னால், சிக்குப் பிடித்த தலையோடு, பிரஷைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"உம்புருஷன்தானே படம் வரையறவரு?" என்றாள் மணிமொழி.

"எழுத்து அவரு. படம் நான். சாரத்துமேல பொம்பளை ஏறினா ஊரு பேசும்னு, விடியறதுக்கு முன்னாடி ஏறி வரைஞ்சுட்டு எறங்கிடுவேன். பேரு அவருக்குத்தான் போவும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது." பிரஷ் தாழ்ந்தது. "கார்த்திகையில அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்கன்னு காலைப் பிடிச்சேன். கணக்கு முடிச்சுட்டுப் போன்னாரு கண்ணாயிரம். ஒரு படத்துக்கு ஐநூறு கழிப்பாரு, சோறு மருந்துன்னு ஐநூறு ஏத்துவாரு. பாக்கி அப்டியேதான் நிக்கும். அவரு செத்தப்ப குழி தோண்டித் தள்ளினாங்க. குடம் உடைக்கல. ஒரு பொட்டுத் தண்ணி வுடல. புள்ளகுட்டி இல்ல, தூக்கறதுக்கு. அதான் நானே தூக்கினேன். படத்துல."

மணிமொழி வீரமுத்துவைப் பார்த்தாள். "பாவாடைன்னு நீ சொன்ன."

"எப்பவாவது ஒரு தபா உருப்படியா சொல்றேன். அப்பவும் கேக்கறதில்ல."

"அது அங்க போய்ச் சேர்ந்துச்சா?" தைலம்மாளின் கண் பெரிசானது. "பார்த்தவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"நைனார்பாளையத்துப் பொண்ணு ஒருத்தி பார்த்துச்சு. அதுக்குத் தூக்கம் போச்சு. அதான் வந்தோம். கெளம்பு."

தைலம்மாள் அசையவில்லை. "நான் போனா, புருஷனை நான்தான் கொன்னேன்னு கண்ணாயிரம் போலீசுல சொல்லுவாராம். இவரை இப்டி வுட்டுட்டு எங்க போறது?"

"திரும்பி வந்து எடுப்போம்" என்றான் வீரமுத்து. தான்தான் சொன்னோமா என்று அவனுக்கே சந்தேகம். "குடத்தோட வருவோம். நான் வரேன்மா."

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். பிறகு சுவரிலிருந்து ஒரு படத்தைக் கிழியாமல் உரித்து மடித்துக்கொண்டாள். நீல மூட்டத்தில் ஒரு மலை. "இந்தம்மா மூட்டத்தை நல்லா புரிஞ்சுக்கினு வரைஞ்சிருக்கா. நம்ம மலையேதான். ஆறு மாசமா எனக்குப் பேச்சுத்துணை இவதான். உசுரோட இருக்காளா?"

"இல்லம்மா. நூறு வருஷத்துக்கு முந்தின ஆளு."

"அவளுக்காவது குடம் உடைச்சாங்களா?"

கீழே, மூட்டத்துக்குள், ஜீப் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

*

மொபெட்டை அங்கேயே விட்டார்கள். புதருக்குள் புகுந்து ரோட்டுக்கு ஏறினார்கள். ஜீப்பின் விளக்கு மஞ்சளாக மண்பாதையில் திரும்பிப் போனது. கொட்டாய்க் கதவு திறந்து கிடப்பதைப் பார்க்க அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வீரமுத்துவின் காதில் வண்டு முழு வேகத்தில் இரைந்தது. தைலம்மாளுக்குச் செருப்பில்லை, நடந்து பழக்கமும் போயிருந்தது. அவளைப் பாதி தூக்கிக்கொண்டு நடந்தான். கடுக்காய் மூட்டையைவிடக் கம்மியான கனம்.

மேலே வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மணிமொழி நடு ரோட்டில் நின்று முந்தானையை வீசினாள்.

"மூணு கள்ளக்குறிச்சி" என்றாள் ஏறியதும். கண்டக்டர் தைலம்மாளின் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்தார். பஸ் நிறைய சனம். சாமை மூட்டை, கோழி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி. அவ்வளவு நெரிசலை வீரமுத்து அதற்கு முன் விரும்பினதில்லை.

இரண்டு வளைவு இறங்கியிருக்கும். பின்னால் ஜீப் வெளிச்சம் பாய்ந்து வந்து, முந்தி, குறுக்கே நின்றது. பஸ் குலுங்கி நின்றது.

கண்ணாயிரம் படியேறினார். சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. "வாங்கம்மா" என்றார் மணிமொழியிடம், சர்க்கரையாக. "பையனைப் பார்க்க வந்துட்டு இன்னாத்துக்கு பஸ்ல? எறங்குங்க, நான் கொண்டுபோய் வுடறேன். அந்தப் பொண்ணும் எறங்கட்டும். அது நம்மகிட்ட வேலை செய்யிற பொண்ணு."

தைலம்மாள் எழுந்தே விட்டாள். ஆறு மாசப் பழக்கம். வீரமுத்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் எழுந்துவிடத்தான் தோன்றியது.

அப்போதுதான் மணிமொழி அந்தக் காரியத்தைச் செய்தாள். தலையைச் சொறிந்துகொண்டு, பெண் வீட்டு விசாரணைக்காரியின் குரலில் கேட்டாள்:

"வேலை செய்யிற பொண்ணா? கடன்காரின்னு இல்ல சொன்னாங்க? ஆனா சும்மா ஐயாயிரமோ பத்தாயிரமோதான் குடுத்திருக்கீங்களாம். அதுக்கு மேல குடுக்க உங்களுக்கு வசதி பத்தாதுன்னு கச்சிராயபாளையத்துல பேசிக்கறாங்க. பொண்ணு வூட்டுக்கு அதைத்தான் சொல்லப் போறேன்."

கண்ணாயிரத்தின் முகத்தில் சர்க்கரை கரைந்தது.

"எவன் சொன்னான்? எழுபத்து மூவாயிரத்து நானூறு! நானூறு கூட வுட மாட்டேன்!"

"எவ்ளோங்க? பின்னாடி சீட்டுல கேக்கலியாம்."

"எழுபத்து மூவாயிரத்து நானூறு!" பஸ் கண்ணாடி அதிர்ந்தது. கடன் கேட்டு ஊரைக் கூட்டுகிற அதே தொண்டை. நாற்பது வருஷப் பழக்கம் அவரைப் பிடித்துத் தள்ளியது. "அது தீர்ற வரைக்கும் இவ என் கொட்டாயை வுட்டு ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது! பூட்டித்தான் வெப்பேன்! புருஷன் செத்துட்டா இன்னா? செத்தவனைப் பொதைச்ச செலவையும் நான்தான் போட்டேன்! ஆளு செத்தா கடன் செத்துடுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் பஸ்ஸில் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கோழிகூடக் கத்தவில்லை.

"புருஷன் செத்துட்டானா?" என்றாள் ஜன்னலோரத்துக் கிழவி ஒருத்தி. "எப்ப? எங்க பொதைச்ச? யாரு குடம் எடுத்தது?"

கண்ணாயிரத்தின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய், வீரமுத்துவின் கையில் இருந்த போனில் வந்து நின்றது. கை நடுங்கினதில் படம் ஏகத்துக்கும் ஆடியிருந்தது. சத்தம் ஆடவில்லை.

"உன்னை எங்கியோ பார்த்திருக்கேன்" என்றார் கண்ணாயிரம்.

"முதுகைப் பார்த்திருப்பீங்க" என்றான் வீரமுத்து. குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வந்தது.

டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்சீட்டிலிருந்து நாலு பேர் எழுந்தார்கள். "ஜீப்பை எடுக்கறியா, நாங்க எடுக்கட்டுமா?" என்று கேட்டார்கள். கண்ணாயிரம் பின்பக்கமாகவே படியிறங்கிப் போனார்.

*

தாசில்தார் முன்னால் மேட்டைத் தோண்டி, டாக்டர் பார்த்து, பழனியைக் கச்சிராயபாளையத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுவர நாளாயிற்று. பொம்பளை குடம் எடுக்கக் கூடாது என்று ஒருத்தர் ஆரம்பித்தார். அவருக்கு டீக்கடைப் பாக்கி எவ்வளவு என்பதைக் குஞ்சம்மாள் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

இடது தோளில் குடத்தோடு தைலம்மாள் சுற்றி வந்தாள். பின்னால் கத்தியோடு நடந்து சுற்றுக்கு ஓர் ஓட்டை போட்டவன் வீரமுத்து. சுடுகாட்டுப் பக்கம் பகலில்கூடப் போகாதவன். மூன்றாவது ஓட்டை போடும்போதும் கை நடுங்கத்தான் செய்தது. தண்ணீர் மூன்று கம்பியாக விழுந்தது, படத்தில் இருந்த மாதிரியே.

அந்த மூன்று படங்களையும் காட்சியகம் வாங்கவில்லை. அருள்மொழி சாட்சிச் சொல்லை எழுதி அனுப்பியிருந்தாள். கண்ணாயிரமும் அஜித்தும் உள்ளே இருந்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று வீரமுத்து சொன்னான். அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று மணிமொழி அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சி கோட்டாட்சியர் அலுவலகத்தில் அதிகாரி விடுதலைச் சான்றைப் படித்துக் காட்டினார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்க் கடனும் இன்று முதல் ரத்து. இனி யாரும் கேட்கக் கூடாது, இவரும் தரக் கூடாது.

"அவரு பங்கும் சேர்த்தா?" என்று கேட்டாள் தைலம்மாள்.

"சேர்த்துத்தாம்மா."

"செத்தவருகிட்டயும் கேக்க முடியாதா?"

"முடியாது."

குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். "இங்க கைநாட்டு வை."

தைலம்மாள் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குனிந்து, நிதானமாக, குச்சிமேல் கவிழ்த்த ஒரு சின்னப் பானையை வரைந்தாள். வெள்ளைப் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கறுப்பாக நிரப்பினாள்.

"இதெல்லாம் செல்லாதும்மா" என்று குமாஸ்தா பதறினார்.

அதிகாரி பேப்பரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல கைநாட்டும் வாங்கிக்குங்க" என்றார். "பானை இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முத்திரையை எடுத்து, பானைமேல் படாமல், கீழே குத்தினார்.